திரை நின்றுபோனால் மறுபடி அழுத்தாதீர்கள்: செயலிக்குள் எந்த வேலையை யார் செய்கிறார்கள்?

(செல்போன் வழி அரசு சேவைகள் குறித்து பொன்னேரியில் நடந்த கூட்டம் ஒன்றில், இவ்வூரைச் சேர்ந்த மென்பொருள் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு கேள்வி. செல்போனில் மின் கட்டணம் கட்டுகிறீர்கள். 'செலுத்து' என்ற பட்டனை அழுத்தியாச்சு. திரை அப்படியே நின்னுபோச்சு. பணம் போனதா, போகலையான்னு தெரியலை. அப்போ என்ன செய்வீங்க?

மறுபடி அழுத்துவோம் என்று பல பேர் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். செயலி எழுதுவது என் தொழில். அப்படி இருந்தும், அந்த இரண்டாவது அழுத்தல் என்ன செய்யும் என்பதை என் சொந்தத் தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தவறை மறைக்காமல் இன்றைக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கையில் இருக்கும் செயலிக்குள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு கவுன்ட்டர்

நம்ம தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். மனு வாங்க ஒரு கவுன்ட்டர். அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பதிவறை இருக்கிறது. நீங்கள் மனுவைக் கொடுக்கிறீர்கள். கவுன்ட்டரில் இருப்பவரே எழுந்து பதிவறைக்குப் போய், பழைய கட்டைப் பிரித்துத் தேட ஆரம்பித்தால் என்ன ஆகும்? உங்களுக்குப் பின்னால் நிற்கிற இருபது பேரும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால்கூடப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நன்றாக நடக்கிற ஆபீஸில் இப்படி நடக்காது. கவுன்ட்டரில் இருப்பவர் மனுவை வாங்குவார், ஒப்புகைச் சீட்டு கொடுப்பார், மனுவை உள்ளே அனுப்பிவிட்டு "அடுத்து யாரும்மா?" என்பார். தேடுகிற வேலை உள்ளே நடக்கும். முடிந்ததும் பதில் கவுன்ட்டருக்கே வரும்.

செயலியும் இதேபோலத்தான். வேலை செய்கிற ஒவ்வொரு ஆளையும் 'த்ரெட்' என்பார்கள். தமிழில் 'இழை' என்று சொல்லலாம். திரையை வரைவது, உங்கள் விரல் தொடுவதைக் கவனிப்பது, எழுத்தைக் காட்டுவது எல்லாம் ஒரே ஓர் இழையின் பொறுப்பு. அதற்கு முதன்மை இழை என்று பெயர். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இப்படித்தான். ஏன் ஒன்றே ஒன்று? இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே திரையில் எழுதினால் குழப்பம் வரும். அதனால்தான் வேறு இழை திரையைத் தொட முயன்றால் ஆண்ட்ராய்டு பிழை காட்டிவிடும். வேலை எங்கே நடந்தாலும், பதில் கவுன்ட்டர் வழியாகத்தான் வெளியே வரும்.

வேலையை உள்ளே அனுப்பிவிட்டு, முடியும் வரை காத்திருக்காமல் அடுத்த ஆளைக் கவனிப்பதைத்தான் 'அசின்க்ரனஸ்' என்கிறார்கள். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஒப்புகைச் சீட்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இந்தக் கவுன்ட்டருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியுமா? சாதாரண செல்போன் திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிவிநாடி. அதற்குள் கையில் இருக்கும் வேலை முடியாவிட்டால் திரை லேசாகத் தடுக்கும். நீங்கள் தொட்ட பிறகு 5 விநாடி வரை முதன்மை இழை பதில் தராமல் இருந்தால், 'செயலி பதிலளிக்கவில்லை' என்று ஆண்ட்ராய்டே ஒரு பெட்டியைக் காட்டும். 'காத்திரு', 'மூடு' என்று அதில் இரண்டு வழி இருக்கும். அந்தப் பெட்டியைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்கமாட்டீர்கள்.

கேட்டில் நின்ற வரிசை

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வருகைப்பதிவு செயலி எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், தவறு அவர்களுடையது இல்லை. காலை 6 மணி ஷிப்ட். ஒப்பந்தத் தொழிலாளர்கள் மின்சார ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் வந்து கேட்டில் வரிசையாக நிற்பார்கள். கேட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைக் காட்டி, முகத்தைக் காட்ட வேண்டும். செயலி படம் எடுத்து, அதைச் சுருக்கி, போனில் சேமித்து, பிறகு சர்வருக்கு அனுப்பும்.

இணையத்துக்கு அனுப்புகிற வேலையை முதன்மை இழையில் செய்ய ஆண்ட்ராய்டே விடாது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் அந்தத் தடை இருக்கிறது. மீறினால் செயலியே நின்றுவிடும். ஆகவே அதை உள்ளே அனுப்பியிருந்தேன். ஆனால் படத்தைச் சுருக்குவதையும் சேமிப்பதையும் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டேன். அதற்குத் தடை ஏதும் இல்லையே! என் மேசையில், புதுப் போனில், ஒரே ஆளை வைத்துச் சோதித்தபோது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது.

கேட்டில் நாற்பது பேர் வரிசையில் நின்றபோது முடியவில்லை. பழைய போன், நிரம்பி வழிகிற சேமிப்பு. ஒவ்வொரு படத்துக்கும் போன் திணறியது. திரை நின்றது. வாட்ச்மேன் அண்ணன் பதற்றத்தில் நான்கு ஐந்து முறை அழுத்தினார். 'செயலி பதிலளிக்கவில்லை' என்று பெட்டி வந்தது. 'மூடு' என்பதைத் தொட்டார். இன்னும் சேமிக்கப்படாமல் காத்திருந்த பதிவுகள் அத்தோடு போய்விட்டன.

மாதக் கடைசியில் ஓர் அக்காவுக்கு அரை நாள் கூலி பிடித்துவிட்டார்கள். என்னைப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "நான் நேரத்துக்கு வந்துட்டேன் தம்பி. உங்க போன்தான் லேட்டு" என்றார். நல்லவேளையாக வாட்ச்மேன் அண்ணன் பழக்கதோஷத்தில் நோட்டுப் புத்தகத்திலும் நேரத்தை எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் அவருக்குக் கூலி திரும்பக் கிடைத்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. எந்த வேலையை எந்த இழையில் ஓட்டுவது என்று நான் எழுதுகிற ஒரு வரி, யாரோ ஒருவருடைய அரை நாள் கூலி.

வேகமாக்கப் போய் வந்த வினை

சரி, திருத்தினேன். எப்படித் திருத்தினேன் என்கிறீர்களா? எல்லா வேலையையும் பின்னால் தள்ளினேன். பல இழைகள், எல்லாம் ஒரே நேரத்தில். திரை வெண்ணெய் மாதிரி ஓடியது. எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து, வராத ஒருவர் வந்ததாகப் பதிவாகியிருந்தது. வந்த ஒருவருக்கு 'வரவில்லை' என்று இருந்தது. காரணம் என்ன? 'இப்போது வரிசையில் நிற்பவரின் எண்' என்று ஒரே ஓர் இடத்தில் எழுதி வைத்திருந்தேன். முதல் ஆளின் படம் உள்ளே சுருங்கி முடிவதற்குள், அடுத்த ஆள் வந்து அந்த எண்ணை மாற்றிவிட்டார். படம் ஒருவருடையது, எண் இன்னொருவருடையது. பதிவறையில் நான்கு பேர் ஒரே மேசையில் கட்டுகளைப் பிரித்துப் போட்டால் காகிதங்கள் இடம் மாறத்தானே செய்யும்?

இதில் நான் தனி ஆள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கூகுளே இந்த ஊசலாட்டத்தில் சிக்கியது. பின்னணி வேலைக்காக ஆண்ட்ராய்டில் 'அசின்க்டாஸ்க்' என்று ஒரு வசதி இருந்தது. முதலில் அது எல்லா வேலையையும் ஒரே பின்னணி இழையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தது. 2009-ல் ஆண்ட்ராய்டு 1.6 வந்தபோது பல இழைகளில் ஒரே நேரத்தில் செய்யும்படி மாற்றினார்கள். அதனால் செயலிகளில் தவறுகள் வந்தன. ஆண்ட்ராய்டு 3.0-ல் மறுபடி ஒரே இழைக்குத் திரும்பினார்கள். பல இழை வேண்டும் என்றால் செயலி எழுதுபவர் தானே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கடைசியில் 2020-ல், ஆண்ட்ராய்டு 11-ல், இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்துவிட்டார்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே பதில் கிடையாது என்பதுதான் இதில் பாடம். ஒவ்வொரு வேலையும் எப்படிப்பட்டது என்று பார்த்து, அதற்கு ஏற்ற ஆளிடம் கொடுக்க வேண்டும்.

யாருக்கு எந்த வேலை?

பின்னணி வேலைகளில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று, காத்திருக்கிற வேலை. சர்வரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பது, கோப்பைப் படிப்பது போன்றவை. இதில் ஆள் பெரும்பாலும் சும்மாதான் நிற்பார். இன்னொன்று, மூளையைக் கசக்குகிற வேலை. படத்தைச் சுருக்குவது, பெரிய பட்டியலை வரிசைப்படுத்துவது போன்றவை.

இன்றைக்கு ஆண்ட்ராய்டு செயலிகளுக்குப் பெரும்பாலும் கோட்லின் மொழியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இந்தப் பிரிவு வெளிப்படையாகவே இருக்கிறது. 'மெயின்' என்றால் கவுன்ட்டர். 'ஐஓ' என்றால் காத்திருக்கிற வேலைக்கான ஆட்கள். அங்கே வழக்கமாக 64 இழைகள் வரை போகலாம். சும்மா நிற்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் பெரிய தொந்தரவு இல்லை. 'டீஃபால்ட்' என்றால் கணக்குப் போடுகிற ஆட்கள். உங்கள் போனின் சிப்பில் எத்தனை கோர் இருக்கிறதோ, அத்தனை பேர்தான். எட்டு கோர் என்றால் எட்டு பேர். எட்டு அடுப்பு இருக்கிற சமையலறையில் அறுபது சமையல்காரர்களை நிறுத்தினால் சாப்பாடு சீக்கிரம் வராது, இடித்துக்கொள்வார்கள்.

ஐபோனில் இதே வேலையைச் செய்யும் அமைப்புக்கு 'கிராண்ட் சென்ட்ரல் டிஸ்பாட்ச்' என்று பெயர். ஆப்பிள் அதை 2009-ல் கணினிகளுக்கும், அடுத்த ஆண்டு ஐபோனுக்கும் கொண்டுவந்தது. நியூயார்க்கில் இருக்கிற பெரிய ரயில் நிலையத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலும் விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் போகிற பாதையில் வாழ்கிற நமக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. எந்த வண்டியை எந்தத் தடத்தில் விடுவது என்பதுதான் முழுச் சாமர்த்தியமும்.

என் செயலியையும் கடைசியில் அப்படித்தான் சரிசெய்தேன். கவுன்ட்டர், விரலைத் தொட்டதும் "வாங்கிக்கொண்டேன்" என்று பச்சை விளக்கைக் காட்டும், அவ்வளவுதான். படம் சுருக்குவது கணக்கு ஆட்களிடம் போனது. வருகையைப் பதிவேட்டில் எழுதுவது மட்டும் ஒரே ஓர் இழையில், வரிசை மாறாமல். ஒவ்வொரு பதிவும் தன் எண்ணைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும், பொது இடத்தில் எதுவும் கிடையாது. சர்வருக்கு அனுப்புவது காத்திருக்கிற ஆட்களிடம். செயலியை மூடினாலும் பிறகு தானாகத் தொடரும்படி அதைப் பதிந்து வைத்தேன்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது?

"இதெல்லாம் செயலி எழுதுகிறவர்கள் கவலை, எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். உங்களுக்கும் இருக்கிறது. கவுன்ட்டர் அடைபட்டிருக்கும்போது நீங்கள் அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தலும் காணாமல் போவதில்லை. அது வரிசையில் காத்திருக்கும். திரைக்கு உயிர் வந்ததும், அந்த நான்கு அழுத்தலும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகலாம். நன்றாக எழுதிய செயலி முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்கிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். எல்லாச் செயலியும் அப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நம்பி நாம் பணத்தை வைக்க முடியாது.

திரை நின்றால் முதலில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் கவுன்ட்டர் நலமாக இருக்கிறது, உள்ளே போன மனுவுக்குத்தான் பதில் வரவில்லை. சிக்னலோ சர்வரோ தாமதம். நகரவே இல்லை என்றால் செயலியே உறைந்திருக்கிறது. சுற்றுகிற வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் சில வகை வட்டங்களை வரைய வேறு ஓர் இழை இருக்கிறது. கவுன்ட்டர் மயங்கிக் கிடந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிறகு செய்ய வேண்டியவை:

1. பணம் சம்பந்தப்பட்டது என்றால் இரண்டாவது முறை அழுத்தாதீர்கள். முதலில் வங்கியின் குறுஞ்செய்தியையும் கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலையும் பாருங்கள்.

2. 'காத்திரு', 'மூடு' என்று பெட்டி வந்தால், முதல் முறை 'காத்திரு' என்பதையே தொடுங்கள். மூடினால் சேமிக்கப்படாதது போய்விடலாம்.

3. நெடுநேரம் ஆகியும் அசையவில்லை என்றால் மூடிவிட்டுத் திரும்ப உள்ளே போங்கள். புது விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், பழையது பதிவாகியிருக்கிறதா என்று விண்ணப்ப நிலையைப் பாருங்கள். 

4. ஒப்புகைச் சீட்டு, விண்ணப்ப எண், யுபிஐ பரிவர்த்தனை எண் எது வந்தாலும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ச்மேன் அண்ணனின் நோட்டுப் புத்தகம் அதுதான்.

5. போனில் கொஞ்சம் இடம் காலியாக வையுங்கள். செயலிகளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். உறைவதற்கான காரணத்தைத் திருத்தியிருந்தால் அது புதுப் பதிப்பில்தான் வரும்.

பணம் கணக்கில் கழிந்து, கடைக்கோ நிறுவனத்துக்கோ சேர்ந்ததாக உறுதி வரவில்லை என்றால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, இப்படிப்பட்ட யுபிஐ பணம் பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: இது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்குத்தான். நீங்கள் இரண்டு முறை அழுத்தி, இரண்டும் வெற்றியாகிவிட்டால் அது இந்த விதியில் வராது. யாருக்குச் செலுத்தினீர்களோ அவர்களிடம் நீங்களே கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் அந்த இரண்டாவது அழுத்தல் வேண்டாம் என்கிறேன்.

செயலி எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக்கு அரசு சேவைக்கான செயலியை நீங்களே எழுதலாம். உங்களிடம் கேட்பது மூன்று விஷயம். ஒரு வேலையை எழுதும்போதே, இது காத்திருக்கிற வேலையா, கணக்குப் போடுகிற வேலையா, வரிசை மாறக்கூடாத வேலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணமும் பதிவும் எப்போதும் மூன்றாவது ரகம்.

அடுத்து, புதுப் போனில் மட்டும் சோதிக்காதீர்கள். உங்கள் பாட்டியின் போனில், பழவேற்காடு பஸ்ஸில் போகும்போது விட்டு விட்டு வருகிற சிக்னலில் சோதியுங்கள். ப்ளே ஸ்டோரும் இதைக் கணக்கெடுக்கிறது. ஒரு நாளில் பயன்படுத்துகிறவர்களில் 0.47 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் இப்படி உறைந்த திரையைச் சந்தித்தால், அந்தச் செயலி தேடலில் பின்னுக்குத் தள்ளப்படலாம். ஆயிரம் பேரில் ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர் என் அக்காவைப் போல அரை நாள் கூலிக்காரராக இருக்கலாம்.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் போய்ப் பாருங்கள். நான் கேட்டுக்குப் போய் வரிசையில் நின்று பார்த்திருந்தால் அந்தத் தவறு முதல் நாளே தெரிந்திருக்கும். மேசையில் உட்கார்ந்து பார்த்ததால் மாதக் கடைசியில் தெரிந்தது.

அந்த அக்காவை இப்போதும் சில நாள் காலையில் ரயிலில் பார்க்கிறேன். "போன் ஒழுங்கா வேலை செய்யுதாக்கா?" என்று கேட்டால் சிரிப்பார். "செய்யுது தம்பி. ஆனா நோட்டுலயும் எழுதச் சொல்லித்தான் உள்ள போறேன்" என்பார். அவர் செய்வதுதான் சரி. நீங்களும் அழுத்துவது ஒரு முறை, பதிவு பார்ப்பது இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.